மூணு சிடிக்குள்ள ஒரு வேற்றுக் கிரகம்

செமஸ்டர் லீவுக்கு மூட்டை கட்டிட்டு இருப்பீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பாடம். இது சிலபஸ்ல கிடையாது, இன்டர்னல் மார்க்கும் கிடையாது. ஆனா சிக்னல் பிராசசிங் கொஞ்சம், தகவல் சேமிப்பு கொஞ்சம், எம்.ஜி.ஆர். நிறைய இருக்கு.

எங்க தாத்தாவுக்கு ஊர் கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலையடிவாரம். அவர் வாலிபத்தில் டூரிங் டாக்கீஸ்ல மணல் குவிச்சு உட்கார்ந்து பார்த்த படங்களில் ஒன்று 'கலை அரசி'. படம் வந்து ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் அந்தப் பக்கமே வந்ததாம். "அப்பல்லாம் ராக்கெட்ல ஏறிப் போறது சினிமாவுல ஈஸி. நமக்கு வெள்ளிமலைக்கு ஏறிப் போறதுதாண்டா கஷ்டம்" என்பார்.

பிற்பாடு அப்பா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் அந்தப் படத்தின் விசிடியை வாங்கி வந்தார். தாத்தா மடியில் உட்கார்ந்து நான் பார்த்த முதல் வேற்றுக் கிரகம் அதுதான். ஆனா ஒவ்வொரு தடவையும் குறிப்பிட்ட ஒரு இடம் வந்ததும் தாத்தா முகம் சுருங்கும். "இங்க இன்னும் கொஞ்சம் இருக்கும்டா கண்ணு. வெட்டிட்டானுங்க."

நாங்க சிரிப்போம். வயசானவர், வேற ஏதோ படத்தைப் போட்டுக் குழப்பிக்கிறார்னு நினைச்சோம். தாத்தா இப்போ இல்லை. ரெண்டாம் வருஷம் மல்டிமீடியா பேப்பர் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: அவர் சொன்னது சரியா தப்பான்னு கணக்குப் போட்டே கண்டுபிடிக்க வழி இருக்கு. அந்த வழியைத்தான் உங்களுக்குச் சொல்லித்தரப் போறேன்.

1. முதலில் படம்

'கலை அரசி' 1963 ஏப்ரல் 19-ல் வெளியானது. இயக்கம் ஏ. காசிலிங்கம், இசை கே. வி. மகாதேவன். எம்.ஜி.ஆர்., பி. பானுமதி, எம். என். நம்பியார், ராஜஸ்ரீ நடித்தார்கள். இந்தியாவில் வேற்றுக் கிரகவாசிகளைத் திரையில் காட்டிய முதல் படங்களில் ஒன்று.

கதையைக் கேளுங்க. ஒரு கிரகத்தில் விஞ்ஞானம் உச்சத்தில் இருக்கு, ஆனா பாட்டும் நடனமும் இல்லை. அங்கிருந்து வந்தவர்கள் நம் பூமியில் நல்லாப் பாடும் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துத் தூக்கிட்டுப் போறாங்க. அவள்தான் வாணி, அதாவது பானுமதி. அவளைக் காதலிக்கும் மோகன், அதாவது எம்.ஜி.ஆர்., விண்கலத்தில் தொற்றிக்கொண்டு அந்தக் கிரகத்துக்கே போறார். அங்கே தன்னைப் போலவே இருக்கும் ஒரு கோமாளியின் இடத்தில் நுழைந்து அவளை மீட்கப் பார்க்கிறார்.

சிரிக்காதீங்க. காலக்கணக்கைப் பாருங்க. ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரல் 12. இந்தியாவின் முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியது 1963 நவம்பர் 21. அதாவது நம்ம நாட்டு மண்ணிலிருந்து ஒரு சின்ன ஆய்வு ராக்கெட் மேலே போவதற்கு ஏழு மாசம் முன்னாடியே எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்குப் போய்ட்டு வந்துட்டார். முதல் பெண் விண்வெளி வீரர் வாலன்டீனா தெரஸ்கோவா போனது அதே வருஷம் ஜூன் 16. பானுமதி அவங்களுக்கும் சீனியர்!

2. 'கேம்ப்' என்றால் என்ன, 'கல்ட்' என்றால் என்ன?

இந்த ரெண்டு வார்த்தையையும் நாம் மீம்ல சகட்டுமேனிக்குப் பயன்படுத்துறோம். பிரிச்சுப் புரிஞ்சுக்குவோம்.

'கேம்ப்' என்பது படத்தின் குணம். மிகை, பகட்டு, அட்டையில் செய்த அரண்மனை, எல்லாம் சேர்ந்து ஒரு ரசனை. சூசன் சொன்டாக் 1964-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரபலம். அவர் கேம்பை ரெண்டாகப் பிரிக்கிறார்: தெரிந்தே செய்வது, தெரியாமல் நிகழ்வது. தெரியாமல் நிகழ்வதைத்தான் அவர் உசத்தி என்கிறார். எடுத்தவர் முழு மனசோட, சீரியஸா எடுத்திருப்பார். நமக்குத்தான் சிரிப்பு வரும், கூடவே பிரியமும் வரும்.

தெரிந்தே செய்ததற்கு நம்ம ஊர் உதாரணம் 2010-ல் வந்த 'தமிழ்ப் படம்'. தெரியாமல் நிகழ்ந்ததற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் இறங்கினால் சேலம் மாவட்டம். சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த படம் 1952-ல் வந்த 'தி ஜங்கிள்'. தமிழில் 'காடு'. பனியுக மாமத யானைகள் இன்னும் காட்டில் உலாவுது என்பது கதை. மாமதத்துக்கு எங்கே போறது? நம்ம யானைக்கே ரோமப் போர்வையைப் போர்த்தி நடக்க விட்டார்கள். அதுதான் கேம்ப்.

'கல்ட்' என்பது படத்தின் குணம் இல்லை, பார்க்கிறவர்களின் பழக்கம். ஒரு சின்னக் கூட்டம் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனத்தை மனப்பாடம் பண்ணி, அடுத்தவனுக்குக் கடத்தும். எட் உட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்துக்கு 1980-ல் வந்த ஒரு புத்தகம் 'உலகின் மிக மோசமான படம்' என்று பட்டம் கொடுத்தது. அதுக்கப்புறம்தான் தேடித்தேடிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இந்த வகைக்கே தலைவர் 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'. வேற்றுக் கிரக விஞ்ஞானி, பாட்டு, கூத்து, காமெடி எல்லாம் உண்டு. 1975-ல் வந்தபோது ஓடவில்லை. 1976-லிருந்து நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட, கூட்டம் வேஷம் கட்டிட்டு வந்தது. திரையைப் பார்த்துப் பதில் வசனம் பேசியது, அரிசியைத் தூக்கி எறிந்தது. (நம்ம டூரிங் டாக்கீஸ்ல இதெல்லாம் தினசரி நடக்குறதுதான். நாம் அதுக்குப் பேர் வைக்கல, அவ்வளவுதான்.)

அமெரிக்காவில் அந்தப் படம் வீடியோ கேசட்டாக வந்தது 1990-ல். பதினைந்து வருஷம் கழித்து! 2000-ல் டிவிடி வந்தபோது, தியேட்டரில் ரசிகர்கள் கத்தும் பதில் வசனங்களையும் வீட்டில் கேட்கிற மாதிரி சேர்த்துக் கொடுத்தார்கள். படத்தோட சேர்த்து அதைப் பார்த்த கூட்டத்தையும் பதிவு பண்ணி வைத்தார்கள்.

3. நம்ம ஊரில் எப்படி வீட்டுக்கு வந்தது?

நம்ம பக்கம் கதை வேற. முதலில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்த காலம். அப்புறம் விசிடி. மேலை நாடுகளில் பெரிதாக எடுபடாத விசிடி ஆசியாவில் கொடிகட்டிப் பறந்தது. 2006-ல் தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. டிவி வந்த வீட்டுக்கு பிளேயரும் பின்னாடியே வந்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது, ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் படமே சொந்தமானது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. தியேட்டரை விட்டுப் போன பழைய படத்தை நம்மிடம் கொண்டு வந்து சேர்த்தது இந்த வட்டுகள்தான். இன்று இணையத்தில் கிடைக்கும் எத்தனையோ பழைய படங்கள் அந்த வட்டிலிருந்து எடுத்துப் போட்டவை. அப்படியானால் வட்டில் எது விடுபட்டதோ அது நமக்கு இல்லவே இல்லை. நம் காலத்துக்கு வட்டுதான் படம்.

4. கணக்குக்கு வருவோம்

நோட்டை எடுங்க.

தெளிவு: விசிடி தரநிலை 1993-ல் வந்தது. படத்தின் அளவு 352 × 288 புள்ளிகள், மொத்தம் 1,01,376. டிவிடியில் 720 × 576, அதாவது 4,14,720. நான்கு மடங்குக்குச் சற்று மேல். ஃபுல் எச்டி 20,73,600. விசிடியை விட இருபது மடங்கு.

வேகம்: சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம். நம்ம ஊர் பால் முறை டிவி நொடிக்கு 25. சுலபமான வழி, 24-ஐ 25 வேகத்தில் ஓட்டிவிடுவது. படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். ஒலியும் கூடவே ஏறும். 25/24-க்கு மடக்கை எடுத்துப் பாருங்க, சுருதி சுமார் 0.7 அரைச்சுரம் உயரும். அந்த மாதிரி மாற்றிய வட்டில் கே. வி. மகாதேவன் பாட்டுக்கு உங்க கீபோர்டில் சுருதி சேரவே சேராது. உங்க காதில் கோளாறு இல்லை.

நீளம்: ஒரு விசிடியில் 74 நிமிடம் பிடிக்கும். 160 நிமிடப் படம் ஒன்று இருக்குன்னு வைங்க. 24/25-ஆல் பெருக்கினால் 153.6 நிமிடம். ரெண்டு வட்டில் 148 நிமிடம்தான். மிச்சம் 5.6 நிமிடம். இப்போ நீங்க வியாபாரி. அந்த அஞ்சரை நிமிஷத்துக்காக மூணாவது வட்டு போடுவீங்களா, இல்லை ஒரு பாட்டையோ காமெடியையோ வெட்டுவீங்களா? கத்தரி எங்கே வரும்னு இப்போ புரியுதா? தணிக்கையோ ரசனையோ வேண்டாம், வகுத்தல் கணக்கே போதும்.

எங்க வீட்டு 'கலை அரசி' மூணு வட்டு. அதனால் தாத்தா சொன்னது பொய்னு நாங்க நினைச்சோம். மூணு வட்டு போட்டவன் ஏன் வெட்டணும்? ஆனா வெட்டு வட்டுக்கு வருவதற்கு முன்னாடியே நடந்திருக்கலாம். தியேட்டர் பிரதி ஒவ்வொரு தடவை அறுந்து ஒட்டப்படும்போதும் சில ஃபிரேம்கள் போகும். கிழிந்த பிரதியிலிருந்து எடுத்தால் வட்டிலும் கிழிசல்தான்.

சட்டகம்: தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரம், 1.37-க்கு 1. இதை இன்றைய அகலத் திரைக்கு 'முழுசா' நிரப்பினால் மேலும் கீழும் சேர்த்து 23 சதவீதம் போய்விடும். கிரகவாசியின் கிரீடமும் காலும் காலி. உயரம் குறையாத பிரதி எதுவோ அதையே நம்புங்க.

5. துப்பறியும் சூத்திரம்

இப்போ முக்கியமான இடம். ஒரு பிரதியில் எவ்வளவு காணாமல் போயிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

படம் ஆரம்பிக்கும் முன் ஒரு தணிக்கைச் சான்றிதழ் வருமே, நாம் எல்லாரும் ஓட்டிவிடுவோமே, அதில்தான் விடை இருக்கு. அதில் படத்தின் நீளம் எழுதியிருக்கும். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி. மீட்டரில் 27.43.

ஆக: நீளத்தை (அடியில்) 90-ஆல் வகுத்தால் தியேட்டரில் ஓடிய நிமிடம். அதை 0.96-ஆல் பெருக்கினால் வட்டில் ஓட வேண்டிய நிமிடம். அதிலிருந்து உங்க வட்டுகளின் மொத்த நேரத்தைக் கழியுங்க. மிச்சம் வருவதுதான் காணாமல் போனது. உதாரணமாக 14,400 அடி என்றால் 160 நிமிடம், வட்டில் 153.6. வட்டு 145 நிமிடம்தான் ஓடுதா? எட்டரை நிமிடத்தைக் காணோம்.

நான் பரணிலிருந்து வட்டுகளை இறக்கினேன். முதல் வட்டைப் போட்டேன். சான்றிதழ் வந்தது. நிறுத்தினேன்.

படிக்க முடியல.

288 வரிக்குள் ஒரு பக்கம் முழுக்க எழுத்து. ஒரு இலக்கத்துக்கு அஞ்சாறு புள்ளி உயரம்தான் தேறும். அதையும் சுருக்கி அமுக்கியிருக்கு. 3-ஆ 8-ஆ, 1-ஆ 7-ஆ எதுவும் சொல்ல முடியல. விடைத்தாள் கையில் இருக்கு, மார்க் இருக்கும் இடத்தில் மை கொட்டியிருக்கு. ஏஐ வெச்சுத் தெளிவாக்கலாமேன்னு கேப்பீங்க. பண்ணிப் பார்த்தேன். அழகா ஒரு எண் வந்தது. இன்னொரு முறை ஓட்டினேன், அழகா வேற ஒரு எண் வந்தது. இல்லாத தகவலை அது கற்பனை பண்ணும், கண்டுபிடிக்காது. இந்தப் பாடத்தில் ஒரு வரி ஞாபகம் வெச்சா போதும்னா, இதை வெச்சுக்குங்க.

மூணாவது வட்டு பாதியில் நின்றே போச்சு. எதிரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள்.

6. ஏன் விசிடி இவ்வளவு சீக்கிரம் சாகுது?

சிடியில் ஒரு செக்டார் 2,352 பைட். கணினித் தகவலை எழுதும்போது அதில் 2,048 பைட்தான் தகவலுக்கு. மீதியில் பெரும்பங்கு பிழை திருத்தத்துக்கு. விசிடியில் அந்தக் கூடுதல் பிழை திருத்தத்தை எடுத்துவிட்டு 2,324 பைட் வரை படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 13 சதவீதம் கூடுதல் இடம். அப்படித்தான் 74 நிமிடம் அடங்கியது. விலை என்ன? ஒரு கீறல் விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. அலுமினியப் படலத்தில் காற்று புகுந்தால் அதுவும் அரிக்கும். வீட்டில் எழுதிய சிடி என்றால் அதன் சாயம் இன்னும் சீக்கிரம் மங்கும்.

ஃபிலிம் மட்டும் என்ன வாழுது? அந்தக் காலத்து அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும். கருப்பு வெள்ளைப் பிரதிகளை வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964 பிப்ரவரியில்தான், 'கலை அரசி' வந்து பத்து மாசம் கழித்து. மலிவு விலை வட்டு போட்ட மோசர் பேயரும் 2018-ல் கலைப்புக்குப் போனது. ஆக, கம்பெனியும் நிரந்தரம் இல்லை, வட்டும் நிரந்தரம் இல்லை. மிச்சம் இருப்பது நம்ம வீட்டுப் பரண்.

7. லீவு வேலை

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், வெள்ளிமலை, எந்த ஊராக இருந்தாலும் சரி. வீட்டுக்குப் போனதும் இதைச் செய்யுங்க.

ஒன்று, பரணில் இருக்கும் வட்டுப் பெட்டியை இறக்குங்க. அம்மா திட்டுவாங்க, பரவாயில்லை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைங்க, வட்டமாகத் துடைக்காதீங்க.

ரெண்டு, விசிடிக்குள் 'எம்பெக் ஏவி' என்ற ஃபோல்டரில் 'டாட்' முடிவுள்ள கோப்பு இருக்கும். விஎல்சியில் ஓடும். காப்பி ஆகாமல் நின்றால் 'விசிடி இமேஜர்' தொகுப்பில் உள்ள 'விசிடி எக்ஸ்ரிப்' என்ற இலவசக் கருவியால் முயற்சி பண்ணுங்க. நிமிடத்துக்குப் பத்து எம்பிதான், ஒரு முழுப் படம் பென் டிரைவில் மூலையில் அடங்கிவிடும். எடுத்த கோப்பை அப்படியே வைங்க. தெளிவாக்குறேன், கலர் அடிக்கிறேன்னு மூலத்தில் கை வைக்காதீங்க.

மூணு, அட்டைப் படத்தை ஸ்கேன் பண்ணுங்க. எத்தனை வட்டு, எத்தனை நிமிடம், எங்கே வாங்கியது என்று ஒரு பக்கம் எழுதி வைங்க.

நாலு, சட்டம். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1963 படங்களுக்கு அது 2023 டிசம்பரோடு முடிந்தது. ஆனா பாட்டும் இசையும் தனிக் கணக்கு. படைத்தவர் இறந்ததற்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு. கே. வி. மகாதேவன் மறைந்தது 2001. அவர் இசைக்கு 2061 முடிய உரிமை உண்டு. வீட்டில் பாதுகாப்பது வேற, ஊருக்கே ஏற்றிவிடுவது வேற.

அஞ்சு, இதுதான் முக்கியம். படத்தை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்க. "இங்க இன்னும் கொஞ்சம் இருக்கும்" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீங்க. எந்த நிமிடத்தில் சொன்னார், என்ன இருந்ததாகச் சொன்னார், எங்கே பார்த்தார்னு குறிச்சுக்குங்க. நான் குறிச்சு வைக்கல. தாத்தா எந்த இடத்தைச் சொன்னார்னு எனக்கு ஞாபகம் இருக்கு. அங்கே என்ன இருந்ததுன்னு ஒரு நாளும் கேட்கல. ராக்கி ஹாரருக்கு ரசிகர் குரலையே டிவிடியில் ஏற்றி வெச்சான். எங்க வீட்டு ரசிகர் குரல் எந்த வட்டிலும் இல்லை.

உங்க வீட்டில் 'கலை அரசி' டிவிடி இருந்தால், முதல் நிமிடத்தில் அந்தச் சான்றிதழை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து நம்ம இதழ் குழுவிடம் கொடுங்க. 576 வரியில் அந்த எண் தெரியலாம். தெரிந்தால் 90-ஆல் வகுத்து, 0.96-ஆல் பெருக்கி, அடுத்த இதழில் விடையைப் போடுறேன்.

தாத்தா ஜெயிச்சா, அன்னைக்கு ஹாஸ்டல்ல டீ என் செலவு.